பென்சில் ரப்பர்

ஹட்டனில், புடவைக் கடைக்கு மேல்மாடி.
நோர்வூட் தெய்வானை டீச்சரின் லெப்டொப்
மூன்று தரம் கூவிவிட்டு அடங்குகிறது.
விசிறி சுற்றுது. திரை கறுப்பு.

"ஈரம்னு அடுப்புக்கு மேல வச்சீங்களா?"
டீச்சர் ஜன்னல் பனியைப் பார்த்தார்.
மூடியைக் கழற்றினால் புகைக்கரி,
கரப்பான் முட்டை ஒன்று.

பேட்டரியைப் பிரித்தேன்.
முப்பது எண்ணும்வரை பொத்தானை அமுக்கினேன்.
ம்ஹும்.

"ரப்பர் இருக்கா?"
கைப்பையைத் துழாவி ஒன்று தந்தார்,
ஏதோ பிள்ளை கடித்த மிச்சம்.
ரேமின் பொன் பற்களை
அதால் தேய்த்துத் தேய்த்துச் செருகினேன்.

கூவவில்லை.
வெளிச்சம், மெல்ல.

கடிகார பேட்டரி செத்திருக்கும்:
2009, ஜனவரி ஒன்று, வியாழன்.
"மாத்தவா?"
"சீக்கிரம் தம்பி.
இந்தப் பிள்ளைக பொறக்குமுன்னே
மார்க்ஸ் போட்டதா ஆயிரும்."