ஷிப்ட் மாறும் ஞாயிறு

ராத்திரி ஷிப்ட் வாரம் முழுக்க
இவர் வரும்போது நான் கிளம்புவேன்.
வாசலில் சாவி கை மாறும்,
டிபன் போசி கை மாறும்,
அவ்வளவுதான் குடித்தனம்.

ஷிப்ட் பகலுக்கு மாறும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்
பொழுதோட வண்டி எடுப்போம்.
ஒரு ஓட்டல், முன்னூறு ரூபாய்,
கறி என்றால் ஐந்நூறு.
போன கடைக்கு மறுபடி போவதில்லை என்று பேச்சு.

கருமத்தம்பட்டி மெஸ்ஸில்
பள்ளிபாளையம் சிக்கனில் தக்காளி போட்டிருந்தான்.
இவர் ஒன்றும் சொல்லவில்லை.
தேங்காய்ச் சில்லை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுத்
தட்டை என் பக்கம் தள்ளினார்.
நான் பனியன் கம்பெனியில் செக்கிங்.
பழுது கண்ட இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர்
எப்போதும் பர்ஸில் கிடக்கும்.
தக்காளித் தோலுக்கு நேராக ஒன்று ஒட்டினேன்.
சப்ளையர் பையன்
தட்டை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தான்.

மங்கலம் ரோட்டில் கொத்துப் புரோட்டா. தேறியது.
கல்லில் கரண்டி அடிக்கிற சத்தத்தில்
இவருக்குத் தூக்கமே வந்துவிட்டது.
தறிக்காரருக்கு அது தாலாட்டு.

பல்லடத்தில் சந்தகைக்குப் போனோம்.
"தேங்காப்பால் தீந்துபோச்சுங்க,
சக்கரை வேணாப் போட்டுக்கறீங்களா?"
எழுந்து வந்துவிட்டோம். மழை வேறு.
பாலத்தடி வண்டிக்கடையில் ஆளுக்கொரு தட்டுக் காளான்.
அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று
இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

நேற்றுத்தான் முதன்முதலாக ஏசி.
அவினாசி ரோடு, கண்ணாடிக் கதவு.
"ஏனுங்க, கொள்ளு ரசத்தை சூப்புன்னு போட்டு
நூத்திநாப்பது வாங்கறானுங்க."
நான் சாதாரணமாகத்தான் சொன்னேன்.
நான்கு மேசை திரும்பிப் பார்த்தது.
தறிக்குடோனில் பேசிப் பழகின தொண்டை,
கதவைச் சாத்தினால் தானாய் இறங்குமா?

அதனால் வாயை மட்டும் அசைத்தோம்.
நாற்பது தறி ஓடுகையில்
நாங்கள் எல்லாரும் அப்படித்தான்,
உதட்டைப் பார்த்தே பேசுவோம்:
நாடா மாத்து. டீ வந்துருச்சு. ஓனர் வர்றாரு.

கடைசி மேசையில் ஒரு பையன்
ஒரு பெண்ணிடம் சொன்னான்,
வீட்டில் இன்னும் சொல்லவில்லையென்று.
அத்தனை தூரத்திலும் எங்களுக்குத் தெளிவாய்த் தெரிந்தது.
அவள் கை துடைக்கும் காகிதத்தை மடித்தாள், மறுபடி மடித்தாள்.
இவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.
நான் திருப்பவில்லை.

அப்புறம்தான் கேட்டேன்,
பதினேழு வருசமாய்க் கேட்காததை.
நான் பதினோராம் தறி, நீங்க பதினாலு.
மொதமொதல்ல என்னையப் பாத்து வாயசைச்சீங்களே,
அது
புடிச்சிருக்குதுங்களா,
முடிச்சிருக்குதுங்களா?

உதட்டில் ரெண்டும் ஒன்றுதான்.
சத்தமில்லாமல் கேட்டதால்
ஒரே சொல்லை ரெண்டு தடவை
சொன்ன மாதிரிதான் இருந்திருக்கும்.
ஆனாலும் இவருக்குப் புரிந்தது,
சிரிப்பில் புரையேறியது.

அன்றைக்கு நான் தலையாட்டிவிட்டுத் திரும்பினால்
பாவில் நிஜமாகவே ஒரு முடிச்சு.
அவிழ்த்தேன். விரல் நடுங்கியது.
தையில் கல்யாணம்.

தண்ணீர் குடித்தார், மீசையைத் துடைத்தார்,
என் முகத்தைப் பார்த்து
மெதுவாய் வாயசைத்தார்.
அதே சொல்.

"சத்தமாச் சொல்லுங்க!" என்றேன், சத்தமாகவே.
நான்கு மேசையும் திரும்பியது,
அந்தப் பையனும் பெண்ணும்கூட.
சென்னியப்பன் பில்லுக்குக் கை காட்டினார்.

கொள்ளு ரசம் இரண்டாம் தரம். விலை அநியாயம்.
ஸ்டிக்கர் ஒன்றை உரித்துவிட்டேன்,
எங்கே ஒட்டுவதென்று தெரியவில்லை.
வண்டியில் வரும்போது
முன்னால் இருந்த ஹெல்மெட்டில் ஒட்டினேன்.

காலையில் ஆறு மணி ஷிப்ட்.
அதோடுதான் போயிருக்கிறார்.