அறுபது லிட்டர்

ரதோமிர் போகும்போது
ஸ்கிம்மரை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டான்.
அது அவன் காசில் வாங்கியதாம்.
தொட்டியும் கல்லும் இரண்டு கோமாளி மீன்களும்
எனக்கு என்று ஆயிற்று.
கடிதம் ஏதுமில்லை.
ஃப்ரிட்ஜின் மேல்
உப்பு 1.025 என்று ஒரு சீட்டு.

ஒஸ்ட்ராவாவிலிருந்து
எந்தப் பக்கம் கிளம்பினாலும்
கடலுக்கு ஒரு பகல் ஆகும்.
கரி தோண்டித் தீர்ந்த இந்த ஊரில்
எட்டாம் மாடியில் ஒரு கடலை வைத்துக்கொண்டு
நான் இரவு டிராம் ஓட்டுகிறேன்.

நான்காம் நாள் தண்ணீர்
கஞ்சித் தெளிவாய் மங்கியது.
பொத்தான் பவளங்கள் வாயை மூடிக்கொண்டன.
தின்றது, தின்னாதது, கழித்தது
எல்லாம் அதற்குள்தானே கிடக்கும்?
பெருங்கடலில் என்றால் யாராவது பார்த்துக்கொள்வார்கள்.
இங்கே அந்த யாராவது நான்தான்.

கடைக்காரர் ஓத்மாருக்கு இடக்காது கேட்காது.
எந்தக் கருவியைக் காட்டினாலும்
"சத்தமே இராது" என்பார்.

உருளை வடிகட்டியைத் திறந்து காட்டினார்:
பஞ்சு, கரி, பீங்கான் வளையங்கள்.
வாராவாரம் கழுவ வேண்டும்,
தவறினால் பிடித்து வைத்த அழுக்கையெல்லாம்
நைட்ரேட்டாக்கித் திருப்பித் தருமாம்.
வேண்டாம் என்றேன்.
அப்படி ஒருவனோடு ஆறு வருஷம் ஆயிற்று.

கீழே ஒரு சம்ப் தொட்டி?
கண்ணாடியில் துளை போட வேண்டும்.
கணக்குத் தப்பி மின்சாரமும் போனால்
கடல் ஏழாம் மாடிக்குக் குடிபோகும்.

புது ஸ்கிம்மர்
ஒரு ஜோடி பனிக்கால பூட்ஸ் விலை.
குமிழி குமிழியாய் அழுக்கை மேலேற்றிக்
கோப்பையில் பழுப்பாய்க் கக்கும்.
நல்ல கருவி, பொய் சொல்லவில்லை.
ஆனால் அதன் முனகல் கான்கிரீட் வழி இறங்கிக்
கீழ்வீட்டு ஹ்லவாச்சின் தலையணையில் போய் முடியும்.
பழையது ஓடியபோது
சூடேற்றும் குழாயைக் கரண்டியால் தட்டுவார்.
மூன்று தட்டு என்றால் கோபம்.
ஐந்து தட்டு என்றால்
எனக்குத் தெரியாது, ஐந்துக்கு முன்னால் அணைத்துவிடுவேன்.

வெறுங்கையோடு திரும்பி
விடிகாலை நாலரைக்குக் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆறு கிலோ.
ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும்
கண்ணுக்குத் தெரியாத சிலது
சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன.
குறைவது கடைசிக் கை மட்டும்.
அவை உடைத்துப் போடுவதை யாராவது தின்ன வேண்டும்.

அதனால்தான்
பின்பக்கம் தொங்கும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கினேன்.
அதிலிருந்த பஞ்சை எறிந்துவிட்டு
ஒரு பிடி கம்பிப் பாசி போட்டேன்,
சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி.
மேலே ஊதா விளக்கு.
தொட்டி உறங்கும்போது அது எரியும்,
தொட்டி விழித்தால் அணையும்.
என் ஷிஃப்டேதான்.

பதினோராம் நாள் போலீஸ் வந்தது.
சன்னலில் ராத்திரி முழுக்க ஊதா வெளிச்சம்,
செடி வளர்க்கிறீர்களா, என்ன செடி?
வளர்க்கிறேன், வாருங்கள் என்றேன்.
பெயர்ப்பட்டையில் கோபிலோவா என்றிருந்தவள்
பெட்டிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.
"இது எதற்கு?"
"மீன் மூத்திரத்தைத் தின்னும்."
குறிப்பேட்டில் 'பாசி' என்று எழுதி
அதை ஒருமுறை அடித்து
மறுபடியும் 'பாசி' என்றே எழுதினாள்.
புகார் கொடுத்தது யார் என்று
அவள் சொல்லவில்லை.
அன்றிரவு குழாயில் ஒரே ஒரு தட்டு.
அதற்கு அர்த்தம் தெரிய இனிமேல்தான் பழக வேண்டும்.

ஞாயிறுதோறும் ஒரு கைப்பிடி பாசி பறித்துக்
குப்பையில் போடுகிறேன்.
ஈரமாய்க் கனக்கிறது, நான் போட்ட தீனியின் எடை.
ஆறு லிட்டர் நீர் மாற்றுகிறேன்.
பவளங்கள் திறந்திருக்கின்றன,
ஓரத்தில் இருப்பது மட்டும் இன்னும் இல்லை.

மீன்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று
ரதோமிர் கேட்டிருக்கிறான்.
நைட்ரேட் அளந்தேன். பத்து.
பதில் எழுதவில்லை.
இரண்டு நாற்பதுக்கு வண்டி வளைவில் திரும்பும்போது
எட்டாம் மாடியில் ஊதாவாய் ஒரு கட்டம்.
மணி அடிக்க அங்கே தேவையில்லை.
அடித்தேன்.