நாற்காலி மாற்ற அறுநூறு ரூபாய்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குச் சரிமட்டத்தில் அந்த ஜன்னல்.
கீழே தேன் விற்கும் கடை, மேலே அவள் அறை.
களியக்காவிளை பஸ் ஒன்று
எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
விஜிலாவுக்கு அதுதான் பயம்.
"தெரிஞ்ச ஆளு யாராவது பாத்தா?"
ஏணிப்படி ஏறும்போதே பொய்யைத் தயாராக்கியிருந்தோம்:
தேன் வாங்க வந்தோம்.

மகளுக்குத் தலைவலி. எட்டு மாதமாக.
ஸ்கேன் எடுத்தாயிற்று, கண்ணாடி மாற்றியாயிற்று,
மூன்று வெள்ளி உபவாச ஜெபம்,
மச்சான் சொன்ன கருங்கல் வைத்தியரின் தைலம்.
கடைசியில் ஒரு நர்ஸ் மருந்துச் சீட்டின் பின்பக்கம்
போன் நம்பர் எழுதித் தந்தாள்.
"பிள்ளைய மட்டும் விடாதீங்க. மூணு பேரும் போங்க."
எனக்குக் கோபம் வந்தது.
வலிப்பது அவள் தலைதானே.

பியூலா என்று பெயர். டாக்டர் இல்லையாம்.
சாயா தந்தாள்.
ரப்பருக்கு மழைக்கவசம் கட்டியாச்சா என்று கேட்டாள்.
தம்மாமில் என்ன வேலை என்றாள். கிரேன் என்றேன்.
எவ்வளவு உயரம் என்றாள்.
ஊரில் யாரும் இதுவரை கேட்டதில்லை அதை.
அரைமணி நேரம் தலைவலி பற்றிப் பேச்சே இல்லை.
ஒரு மணிக்கு அறுநூறு;
முந்நூறு போயிற்று என்று மனதுக்குள் கணக்கு.

பிறகு, "வீட்டுச் செலவு பத்தி
நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. இங்கயே, இப்பமே."

விஜிலா மகளைப் பார்த்தாள்.
"அப்பாட்ட கேளு, சீட்டுக் காசு கெட்டியாச்சான்னு."
அபிஷா என் பக்கம் திரும்பினாள்.
"அம்மைட்ட சொல்லு, நாளைக்குக் கெட்டுவேன்."
அபிஷா அந்தப் பக்கம் திரும்பினாள்.
"நாளைக்கு ஞாயிறுன்னு சொல்லு."
டேபிள் ஃபேன் மாதிரி இங்கும் அங்கும்.
பியூலா ஒன்றும் சொல்லவில்லை,
பிள்ளையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அப்போதுதான் நானும் பார்த்தேன் அந்தக் கழுத்தை.

பதினோரு வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் போன்.
மூன்று வயதில் அதைப் பிடிக்கத் தொடங்கினாள்.
"நேராப் பிடி மக்களே, அப்பாக்க மொகம் தெரியல்ல."
"அம்மைக்க பக்கம் திருப்பு."
ஒரு கை கடுத்தால் மறு கை.
எட்டு மாதம் முன்பு நான் பெட்டியோடு வந்திறங்கினேன்.
இனி அதைக் கீழே வைக்கலாம் என்று
அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"நீ எழும்பி ஜன்னல் பக்கம் இரு" என்றாள் பியூலா.
"நீங்க அவங்களுக்கு நேரே வாங்க."
நாற்காலிக் கால் தரையில் கீச்சிட்டது.
முழங்காலும் முழங்காலும் இடிக்காமலிருக்க
இருவரும் பின்னால் நகர்ந்தோம்.
என் கண் தானாக ஜன்னலுக்குப் போயிற்று.
"அங்க பாக்காதீங்க. அவளுக்கு இப்பம் லீவு."

விஜிலாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு.
போனில் தெரிந்ததில்லை.
வீட்டுக்கு வந்த பிறகும் தெரிந்ததில்லை.
சீட்டுக் காசை விட்டுவிட்டு அதைக் கேட்டேன்.
"நீங்க போன ரெண்டாவது வருஷம். கெணத்து வாளி அடிச்சது."
சொல்லியிருக்கலாமே.
"எப்பிடிச் சொல்ல?
போனப் பிடிச்சிருந்தது பிள்ளைதானே."

வலி போயிற்றா என்றால், இல்லை.
புதன்கிழமை மறுபடி வலித்தது, பள்ளிக்கூடம் போகவில்லை.
அடுத்த சனிக்கிழமையும் போக வேண்டும், மூன்று பேரும்.

அன்றைக்கு இறங்கி வரும்போது
பொய் பொய்யாகிவிடக் கூடாதென்று
அரைக்கிலோ தேன் வாங்கினோம்.
பாக்கிச் சில்லறையைக் கடைக்காரன்
நடுவில் நின்ற மகளிடம் நீட்டினான்.
அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால்
கட்டிக்கொண்டாள்.
நானும் விஜிலாவும் ஒரே நேரத்தில் கை நீட்ட
காசு முழுவதும் சிதறித் தரையில் விழுந்தது.
ஒரு நாணயம் உருண்டு ரோட்டுக்கே போய்விட்டது.
அபிஷா குனியவில்லை.
பாலத்தின் மேலே பஸ் போவதைப்
பார்த்துக்கொண்டு நின்றாள்.