கசப்பன் தோட்டம்

கொழிஞ்சாம்பாறையில் பத்திரத்துக்கு
ஆதாரம் என்று பெயர்.
இருபத்தாறு வருடமாக நான் எழுதுவது அதைத்தான்.
மலையாளத்தில் எழுதித்
தமிழில் வாசித்துக் காட்டுவேன்.

வெள்ளையாத்தாள் வந்தது ஒரு புதன்கிழமை.
ஓவல்டின் டப்பாவுக்குள் சுருட்டிய இரண்டு தாள்,
செல்லரித்தது போக மிச்சத்தில் பிரெஞ்சு,
ஓரத்தில் கருவாட்டு நிறத்தில் அரக்கு முத்திரை.
மாஹே வரைக்கும் போயிருக்கிறாள்.
அங்கே குஞ்ஞிக்கண்ணன் என்று ஒருவர்,
பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்,
வாசித்துச் சொன்னாராம்.
கூலி ஒரு கிலோ நிலக்கடலை.

முதல் தாள் முழுக்க வம்சம்.
கஸ்பார் ஒனோரே த ப்ரெவான்.
பாட்டனுக்குப் பாட்டன்
ராஜாவுக்குப் பிறந்தவன், ராணிக்குப் பிறக்காதவன்.
அவனுடைய ஏழாம் வயதில் ஒரு காலை
'இவன் என் மகன்' என்று ராஜா எழுதினான்,
நீதிமன்றம் பதிந்துகொண்டது.
அதற்கு முந்திய ஏழு வருடம்
அந்தப் பிள்ளை யாராக இருந்தான் என்பதற்குப்
பதிவு இல்லை.
அப்புறம் வந்தவர்கள் எல்லாம்
விருந்தில் ஒரு நாற்காலி தள்ளியே உட்கார்ந்தார்கள்.
முத்திரையில் மூன்று அல்லிப்பூ,
பூவுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.
பார்க்கிறவனுக்குத் தெரியட்டும் என்று.

கஸ்பார் மூன்றாவது மகன்.
சூதில் ஒரு காட்டையும் இரண்டு குதிரையையும் விட்டுவிட்டுக்
கப்பல் ஏறினான்.
மைசூர்க்காரனுக்காகப் பாலக்காட்டுக் கோட்டையில்
பீரங்கி வார்த்தான்.
கோட்டை கைமாறிய ராத்திரி
கிழக்கே நடந்து
கணவாய்க் காற்று முதுகை விடுகிற இடத்தில்
நின்றுவிட்டான்.
பனை இருந்தது. நஞ்சக்காள் இருந்தாள்.

பீரங்கி வார்த்தவனுக்குக்
கவலை ஓட்டத் தெரியவில்லை.
முதல் வருடமே வடம் அறுந்து
காளை கிணற்றுக்குள்.
ஊர் நாக்கில் கஸ்பார் கசப்பன் ஆனான்;
சர்வே காகிதத்தில் இன்றைக்கும் கசப்பன் தோட்டம்.
தண்ணீர் கசக்குமோ என்று
வாங்க வந்தவர்கள் திரும்பிப்போவதுண்டு.
நான் குடித்திருக்கிறேன்.
லேசாக உப்பு, அவ்வளவுதான்.

இரண்டாம் தாளில்தான் சிக்கல்.
மகன் என்ற சொல் இருக்கிறது.
அதற்கு முந்திய சொல்லின் முதல் எழுத்து
பூச்சியின் வயிற்றில்.
'என் மகன்' என்றும் இருக்கலாம்,
'அவள் மகன்' என்றும் இருக்கலாம்.
அவர்கள் பாஷையில் ஒரே எழுத்து வித்தியாசமாம்.
குஞ்ஞிக்கண்ணன் வெயிலில் பிடித்துப் பார்த்து,
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து,
கடலையைக்கூட வாங்கத் தயங்கினாராம்.

தோட்டம் கைமாறிக் கைமாறி
இப்போது கிட்டுச்சாமி பெயரில்.
அவர் வாகைமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.
பக்கத்தில் இல்லாமல், ரொம்பத் தூரத்திலும் இல்லாமல்
தீர்த்தகிரி.
பத்தொன்பது வயது, கோழி லாரியில் கிளீனர்,
அதே தாடை.

'நாப்பது சென்ட் எழுதுங்க.
மகன்னு போட வேண்டாம்.
வேண்டப்பட்ட பையன்னு போடுங்க.'

வெள்ளையாத்தாள் டப்பாவைத் திறந்தாள்.
'ராஜாவே எழுதியிருக்கான்.'

கிட்டுச்சாமி தாளைத் தலைகீழாகப் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
'அவன் ராஜா,' என்றார்.
'அவனுக்கு மச்சினன் கெடையாது.'

யாரும் சிரிக்கவில்லை.
கோவிந்தாபுரம் பஸ் வந்து, ஆளை இறக்கிப் போனது.
பையன் எழுந்து
லாரிக்கு நேரமாச்சு என்றான்,
யாரிடம் என்றில்லாமல்.
'இருடா,' என்றார் கிட்டுச்சாமி.
அந்த 'டா'வுக்குப் பிறகு
பீடியைச் செருப்பில் தேய்த்தார், வேண்டியதற்கு மேலேயே.
'சரி, போடுங்க.'

என்ன போடுவது என்று நான் கேட்கவில்லை.
போட்டேன். இரண்டு சொல்.
வாசித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது.

கடைசிப் பக்கத்தில் பாதி வெறுமையாய்க் கிடந்தது.
வழக்கம்போல் அடிஸ்கேல் வைத்து
மேலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு இழுத்தேன்.

'இது எதுக்குங்க?' என்றான் தீர்த்தகிரி.
எழுதினதுக்குப் பின்னால்
வேறு ஆள் வந்து எதையாவது சேர்த்துவிடாமல் இருக்க.

அவன் முத்திரையை எடுத்து
வெளிச்சத்துக்குத் திருப்பினான்.
பூ, பூ, பூ, கோடு.
'இதுவும் அதுதானா?'

பேனாவை மூடிக்கொண்டிருந்தேன்.
மூடி சரியாகப் பொருந்தவில்லை.