மார்ச் பதினேழு, பின் இருக்கை

மார்ச் மாத டொராண்டோவில்
பனி வெள்ளையாக இருப்பதில்லை.
விமான நிலையத்து மூன்றாம் முனையத்தில்
பெயர் எழுதிய அட்டையோடு நின்றேன்.
க்யூ போட வேண்டிய இடத்தில் ஜி போட்டிருந்தேன்.
நோரீன் குவில்டி, கில்டி ஆகிவிட்டார்.
குற்றவாளி நோரீன்.
அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"இன்னும் இல்லை" என்றார்.

அப்போது அவர் வெறும் மாவட்ட சபை உறுப்பினர்.
ஐரிஷ்காரர்களின் பெருநாளுக்கு
அவர்கள் அரசாங்கம் ஊர் ஊராக ஆள் அனுப்பும்.
நியூயார்க்குக்குப் பெரிய தலை,
சிட்னிக்கு அடுத்த தலை,
எங்களுக்கு மிச்சம்.
மிச்சத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்
தன் பெட்டியைத் தானே தூக்கினார்.
முன்னால் உட்காரலாமா என்றார்.
கம்பெனி விதி, கூடாது என்றேன்.

நான்கு வருடம் கழித்து, மீன்வளத் துணை அமைச்சர்.
பெட்டிக்கு ஒரு பையன்.
நெடுஞ்சாலை நெரிசலில்
உரையை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்:
கானாங்கெளுத்தி ஒதுக்கீடு, வலைக்கண்ணின் அளவு,
பிரசல்ஸில் விடிய விடிய நடந்த பேரம்.
வலைக்கண் என்றதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.
வல்வெட்டித்துறையில் அதை விரலால் அளப்போம் என்றேன்.
கண்ணாடியில் அவர் கண் நிமிர்ந்தது.
இங்கே எப்படி வந்தீர்கள்?
லைஃப்போட்டில்.
நியூஃபவுண்ட்லாந்துக்கு வெளியே, மூடுபனியில்.
எங்களை எண்ணி எண்ணி ஏற்றிய மீன்படகுக்காரன்
உங்களைப் போலத்தான்
த்ரீயை ட்ரீ என்றான்.
அவர் தாளின் ஓரத்தில் எதையோ குறித்தார்.

அன்றிரவு விருந்தில் அது வந்ததாம்.
"ஓர் ஓட்டுநர் என்னிடம் சொன்னார்..."
கைதட்டல் பலமாம்.
நான் நிலத்தடி வாகன நிறுத்தத்தில்
ஆறிப்போன இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வீடமைப்பு அமைச்சர். முழு அமைச்சர்.
இரண்டு கறுப்பு வண்டி, முன்னால் ஒரு போலீஸ்,
என் பக்கத்தில் காதில் வயர் செருகிய ஒருவன்.
ஏரிக்கரையில் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களின் சிலைகள்,
விலா எண்ணலாம்.
மலர்வளையத்தை வைத்தார். காற்று தள்ளியது.
காலை மெல்ல முட்டுக்கொடுத்து நிறுத்தினார்.
புகைப்படத்தில் கால் இல்லை.
திரும்பும்போது என் பெயரை "பகீரா" என்றார்.
பகீரதன். திருத்தவில்லை.
அட்டைக்கு இது சரி என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பயணத்தில்தான் தொலைபேசியில் சொன்னார்:
"தீயணைப்பு அறிக்கையைப் பிறகு பார்க்கலாம்,
இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டுவிடு."
வண்டிக்குள் கேட்டது வண்டிக்குள்ளேயே கிடக்க வேண்டும்.
எங்கள் தொழிலில் அது முதல் பாடம்;
சம்பளமும் அதற்குத்தான், பாதி.

அடுத்த மழைக்காலம், அவர்கள் ஊரில்
ஒரு மாடிக்கட்டடம் அடியிலிருந்து பற்றியது.
நாற்பது குடும்பங்கள் இரவு உடையோடு தெருவில்.
யாரும் சாகவில்லை, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்,
ஏதோ அவர்கள் செய்த ஏற்பாடு போல.
ஸ்கார்பரோவில் தேநீர்க்கடையில் நின்றபடி
போனில் பார்த்தேன்:
ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நோரீன்.
எந்த அறிக்கையும் தன் மேசைக்கு வரவில்லை என்றார்.
ஆறு நாள் அப்படிச் சொன்னார்.
ஏழாம் நாள் பதவி விலகினார்.
அந்த ஆறு நாளும் என் தேநீர் ஆறித்தான் போனது.

இரண்டு வருடம் கழித்து,
மார்ச்சும் இல்லை, பெருநாளும் இல்லை,
ஒரு நவம்பர் காலை, அவரே கூப்பிட்டார்.
மகன் மிசிசாகாவில் இருக்கிறான்,
பேரனைப் பார்க்க வருகிறேன்,
உங்கள் பழைய அட்டையில் இந்த எண் இருந்தது.

பழக்கதோஷம், பெயரை எழுதிக்கொண்டு போனேன்.
இம்முறை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன்.
நரை காடாய் மண்டியிருந்தது. ஒரே பெட்டி.
அட்டையை வெகுநேரம் பார்த்தார்.
"முதலில் எழுதியதுதான் சரி" என்றார்.

வண்டி இப்போது என் சொந்தம்.
விதி ஒன்றும் இல்லை.
முன் கதவைத் திறந்துவிட்டேன்.
இடுப்புப் பட்டையைத் தேடிக் கொஞ்சம் தடுமாறினார்.

சாலை தெளிந்து கிடந்தது.
டிக்சி திருப்பம் தாண்டியதும், முன்னாலேயே பார்த்துக்கொண்டு கேட்டார்:
"அன்றைக்கு நான் போனில் பேசினேனே, உங்களுக்குக் கேட்டதா?"

வைப்பரைப் போட்டேன்.
மழை இல்லை.
காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சிட்டு
இரண்டு தரம் போய்வந்தது.

கேட்டது, என்றேன்.

அவர் கையை நீட்டி
ஹீட்டரை ஒரு புள்ளி கூட்டினார்.