காதுக்கல்

கயிற்றில் கட்டி இழுக்கும் கருவிக்கு
எங்கள் ஆவணத்தில் பெயர் ‘மீன்’.
மஞ்சள் நிறம், ஒன்றரை மீட்டர்,
வயிற்றின் இருபுறமும் செவி.
நீருக்குள் ஓசை எறியும்,
திரும்பி வருவதைக் கேட்கும்.

அதைக் கடலில் இறக்குபவன்
தென்திருப்பேரைக் குழைக்காதன்.
அவன் ஊர்ப் பெருமாள்
மகர மீனைக் குழையாகப் போட்டவர்.
காதில் தொங்கிய மீன் போய்
மீனுக்கு முளைத்தது காது, என்பேன்.
சிரிக்கமாட்டான்.
படகு ஏறியதும் அவனுக்கு வாந்தி வரும்.

உவரிக் கடலை உழுகிறோம்.
ஐம்பது மீட்டருக்கு ஒரு சால்,
கிழக்கே போய் மேற்கே திரும்பி.
சோநீவாடு இழுத்தால் சால் வளையும்;
வளைந்ததைத் திரும்ப உழவேண்டும்.
திரையில் தேன்நிறமாய் வழிகிறது தரை:
மணல், மணல், மணலின் சுருக்கம்,
யாரோ அறுத்துவிட்ட வலை,
மறுபடி மணல்.

வள்ளம் ஜெரோன்சி மச்சாதுவுடையது.
என் வயதுதான். டீசல் எங்கள் கணக்கு.
பதினாலு பாகத்தில்
தெற்குச் சாலைத் தொடங்கும்போதெல்லாம்
ஏதாவது வந்துவிடும் அவருக்கு.
ஒருநாள் பெல்ட் அறுந்தது.
ஒருநாள் மச்சினிச்சிக்குப் பேறுகாலம்.
பத்தாம் நாள் கச்சான் ஓய்ந்து
சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.

முதலில் நிழல்.
ஒலி எட்டாத இடம் கறுப்பாய் விழும்;
பொருளைவிட நிழலைத்தான் நாங்கள் அளப்போம்.
நாற்பத்தொரு மீட்டர்.
விலா எலும்புகள், ஒடிந்த அணியம்,
நடுவே உருண்டையாய்க் கொதிகலன்
அடுப்பிலிருந்து இறக்க மறந்த பானைபோல.
பொன் கிடையாது, சீனச் சாடி கிடையாது,
நிலக்கரி தின்று ஓடிய
ஏதோவொரு சரக்குக் கப்பல்.

சுற்றிலும் பொடிப்பொடியாய் வெள்ளை.
கருவியில் இரைச்சல் என்றான் குழைக்காதன்.
மச்சாது முதன்முறையாக எட்டிப் பார்த்தார்.
“களவா.
இந்தப் பக்கம் விளமீன்.
இப்பம் அடங்கிக் கெடக்கு, அந்திக்கு மேய வரும்.”

நாங்கள் கண்டுபிடித்ததற்கு
முன்பே பெயர் இருந்தது: சட்டிப்பாரு.
அவர் வீட்டில் நாலு பேருக்குத் தெரியும்.
கப்பல் மாதா கோயில் உச்சியை
ஏழாம் காற்றாலைத் தூணோடு சேர்த்து
தேரிமேட்டின் தென்முனையை
ஐஸ் கம்பெனிக் கூரைக்கு நேரே நிறுத்தினால்
காலடியில் இருக்கும்.
கரையில் நிற்கிற கப்பலை வைத்துக்
கடலில் கிடக்கிற கப்பலைப் பிடிக்கிற கணியம்.
எங்கும் எழுதியதில்லை.

“நீங்க எழுதினா அது எங்க போவும்?”
சென்னைக்கு.
“அங்கேயிருந்து?”
எல்லோரும் பார்க்கிற வரைபடத்துக்கு.
அவர் வடக்கே பார்த்தார்,
விசைப்படகுகள் வருகிற திசையை.
வேறொன்றும் கேட்கவில்லை.

இரவு, வாடகை அறையில்
படிவம் திறந்திருக்கிறது.
அட்சரேகை, தீர்க்கரேகை,
புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம்.
ஆறும் எழுதினால் ஒரு சாண் பிசகாது.
இரண்டோடு நிறுத்தினால்
ஒரு கிலோமீட்டர் அலையலாம்.
இரண்டுமே பொய்யில்லை.

கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது.
உள்ளே களவா, மூன்று கிலோ தேறும்.
லஞ்சமா, பங்கா?
கொடுத்துவிட்டுப் போனவரைப் பார்த்த
டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை.

தலையைப் பிளந்தேன், படித்த பழக்கம்.
மூளைக்கு அடியில்
அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக
இரண்டு வெள்ளைக் கல்.
மீனுக்குக் காது அதுதான்.
ஆண்டுக்கு ஒரு வளையம் சுற்றியிருக்கும்.
அந்தக் கொதிகலனுக்குள் அது
எத்தனை ஆண்டு குடியிருந்ததோ,
எண்ணுவதற்கு நுண்ணோக்கி வேண்டும்.

நகத்தின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
குழம்பு கொதிக்கிறது.
திரையில் இன்னும்
நாலு இலக்கம் வெள்ளையாய் இருக்கிறது.