கணவாய்

சாயல்குடி பங்கில் நூற்றிருபது ரூபாய்க்குப் போட்டால்
பாம்பன்வரை வாய் திறக்காது இந்த வண்டி.
பழைய எக்ஸெல். ஹாரன் இல்லை, என் தொண்டைதான்.
பின்னால் தெர்மோகோல் பெட்டி,
சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியது.
உள்ளே, மூக்கையூர்க் கரையில் இருட்டோடு ஏலம் எடுத்த
பதினெட்டுக் கிலோ கணவாய்.

சந்தியாகு நேற்றிரவு குரல் அனுப்பியிருந்தான்
வால்பரைசோ துறைமுகத்திலிருந்து.
சரக்கு இறங்க நாலு நாளாம்.
சுமை தூக்குகிறவன் ஒருவனிடம்
சின்ன மோட்டார் சைக்கிளை வாடகைக்கு வாங்கி
ஆண்டிஸ் மலையில் ஏறினானாம்.
'வளைவை எண்ணிக்கிட்டே வந்தேன் பிரகாசி,
அப்புறம் விட்டுட்டேன்.
மேலே போகப் போக வண்டிக்கு மூச்சு முட்டுது.
காத்தே இல்லை.
கார்புரேட்டரைத் திருகித் திருகி விரல் மரத்துப்போச்சு.
கடைசியில ஒரு கணவாய் வந்துச்சு பாரு'
அதோடு அறுந்துவிட்டது.

அவ்வளவு உயரத்தில் கணவாய்க்கு என்ன வேலை
என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.
வாலிநோக்கம் விலக்கில்தான் உறைத்தது:
எட்டாம் வகுப்பு, கைபர், போலன்,
இரண்டு மதிப்பெண்.
தனியாகச் சிரித்தேன்.
எதிரே வந்த உப்பு லாரிக்காரன்
தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்து
விளக்கை அடித்துவிட்டுப் போனான்.

உப்புக் குவியல்களைப் பனிமலை என்று
அவனுக்குப் படமெடுத்து அனுப்ப ஆசை.
கீற்றுப் போட்டு மூடியிருந்தார்கள்.
இந்தப் பக்கம் பனைக்கு மேல் உயரமில்லை.
பனைக்கும் பனைக்கும் நடுவே
உடைமரம், உடைமரம், ஒரு செல்போன் கோபுரம்.
ஏர்வாடியில் ரோட்டின் நடுவே படுத்திருந்த ஆடு
எழ மாட்டேன் என்றது.
நான்தான் மணலில் இறங்கி ஏறினேன்.
கீழக்கரையில் நைனா முகம்மது
ஐஸ் அள்ளிப் போட்டுப் பத்து ரூபாய் வாங்கவில்லை,
முப்பதாகத் திருப்பிக் கொடு என்றான்.

பாலத்தில் ஏறும்போது மணி பதினொன்று.
எங்கள் ஜில்லாவில்
வண்டி மூக்கைத் தூக்கும் இடம் இது ஒன்றுதான்.
ஆடி மாசக் கச்சான்
கடலை அப்படியே தூக்கிச் சட்டைக்குள் போட்டது.
அங்கே அவன் வண்டிக்குக் காற்று இல்லை,
இங்கே என் வண்டிக்குக் காற்றைத் தவிர எதுவும் இல்லை.
இடப்பக்கம் தள்ளுகிறது, கைப்பிடிச் சுவரை நோக்கி.
பாதி ஏற்றத்தில்
இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பிளக்கைக் கழற்றினேன்.
முந்தானையில் துடைத்து ஊதினேன்.
உப்பு.
என் வாயிலும் உப்பு, யார் யாரை ஊதியது.
ரயில் பார்க்க நின்ற வெளியூர்க் குடும்பம்
போட்டோவில் விழாதபடி
கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னது.
தள்ளிக்கொள்வது என்றால் தள்ளுவதுதான்.
வண்டி, பெட்டி, பதினெட்டுக் கிலோ,
உருகும் ஐஸ், பிறகு நான்.
மூச்சு முட்டியது.
கடல்மட்டத்திலிருந்து ஒரு பனை உயரத்தில்
எனக்கு ஆண்டிஸ் வந்தது.

உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால்
பெட்டியின் மூலையிலிருந்து கசிந்த மை
வந்த வழியெல்லாம் கோடு இழுத்திருந்தது,
வளைந்து வளைந்து,
குடித்தவன் போட்ட கையெழுத்து மாதிரி.
போனை எடுத்து நீட்டிப் பிடித்தேன்.
ஒன்றும் பேசவில்லை. காற்றுதான்.
இருபது விநாடி.
'கணவாய் வந்துச்சு' என்று கடைசியில் சொன்னேன்.

இறக்கத்தில் வண்டி தானாக உருண்டது,
எஞ்சின் இல்லாமல்,
இத்தனை வருஷத்தில் இவ்வளவு அமைதியாக
அது ஓடி நான் கேட்டதில்லை.

கம்பெனியில் தண்ணீர்க் கழிவு என்று
இரண்டு கிலோ பிடித்தார்கள்.
நான் சண்டை போட்டு ஒன்றாக்கினேன்.

மூன்றாம் நாள் அவன் பதில் வந்தது.
நடுக்கடல், விட்டு விட்டு.
'எந்தக் கணவாய்?
கிலோ என்ன விலைக்குப் போச்சு?'